மக்டலீன் அக்காவின் சிலேட்டு

இயேசு மரி சூசை துணை

குருநகர்
06.10.2024

என் ஒரே மருமகள் றஜனிக்கு,

மாமா சிமியோன் எழுதுவது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். நீயும் உன் மனுசனும் நோர்வேக் குளிரில் விறைத்துப் போகாமலிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

வட்ஸ்அப்பில் நீ என்னைத் தடுத்து வைத்திருப்பதால் தபால்காரனுக்கு வேலை கொடுக்க வேண்டியதாயிற்று. பரவாயில்லை. குடும்பக் குழுவில் நான் உன்னை ஏசிப் போட்ட ஒலிப்பதிவு நான்கு நிமிடம்தான். பெற்ற தாயைக் கொழும்பில் முதியோர் இல்லத்தில் விடலாமோ என்று கேட்டவளுக்கு நாற்பது நிமிடம் போட்டிருக்க வேண்டும். மக்டலீன் அக்கா இப்போது என் வீட்டில் மகாராணி மாதிரி இருக்கிறா. "அவளுக்கு இனி ஒரு வரி எழுதமாட்டன்" என்று சொல்லி ஆறு மாதம். எழுதச் சொல்லி நானும் கெஞ்சிப் பார்த்தேன். மெத்தக் கெஞ்சவில்லை.

இனி விசயம். அம்மாவுக்கு வாசிக்க ஒரு கருவி அனுப்பினால் எது நல்லது என்று பக்கத்து வீட்டு லெனாட்டிடம் கேட்டாயாம். என்னிடம் கேட்க உனக்கு வாய் வரவில்லை. சண்டைக் காலத்தில் செல் குண்டு விழுந்து காது போன நாளிலிருந்து அக்காவுக்கு ஊர்க்கதை, உலகக்கதை எல்லாமே எழுத்தில்தான். இப்போது அந்த எழுத்தும் எறும்பாகிவிட்டது. பூதக்கண்ணாடி பிடித்துப் பேப்பரில் ஒரு பத்தி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிப்போகும். பிறகு தலையிடி.

நான் யாழ்ப்பாணத்திலுள்ள பதினேழு கடையும் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரன் என் கேள்விகளைக் கேட்டுவிட்டு, "ஐயா, நீங்கள் உதுகளைச் செய்யிற கொம்பனியிலை இருந்தனீங்களோ?" என்றான். நான் எட்டாம் வகுப்பு. ஆனால் எட்டை இரண்டு முறை படித்தவன், கணக்குப் பார்த்தால் பதினாறு. என் தீர்ப்பு: பதின்மூன்று அங்குலம், நிறத்தில், நல்ல சத்தத்தோடு, கிரிக்கெட் தெளிவாகத் தெரிவதாக ஒன்று அனுப்பு.

அக்காவின் ஆசி உனக்கு இப்போதைக்கு இல்லை. என்னுடையது உண்டு.

மாமா சிமியோன்

*

பேர்கன்
03.11.2024

மாமாவுக்கு,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன்.

காது கேளாதவருக்கு நல்ல சத்தம் எதற்கு என்று கேட்கப் போவதில்லை. கிரிக்கெட் யாருக்கு என்றும் கேட்கப் போவதில்லை. மூன்று கிழமை தேடி நான் வாங்கியது ஏழு அங்குலம், கறுப்பு வெள்ளை. பத்து அங்குலமும் பார்த்தேன். அரை மணித்தியாலம் பிடித்தால் அம்மாவின் மணிக்கட்டு நோகும். திரை காகிதம் போலத்தான் இருக்கும். முற்றத்து வெயிலிலும் வாசிக்கலாம், கண்ணில் வெளிச்சம் அடிக்காது. எழுத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து ஒரு பக்கத்துக்கு ஐந்து வரி வரும்வரை கொண்டு போகலாம். அம்மாவின் விரல் நடுங்கும் என்பதால், பக்கம் திருப்ப ஓரத்தில் இரண்டு பொத்தான் உள்ளதாகப் பார்த்தேன். ஒரு முறை மின் ஏற்றினால் மூன்று கிழமை நிற்கும். படம் ஓடாது. பாட்டு வராது. உங்கள் வீட்டுக்கு அனுப்புவதால் அதையும் யோசித்துத்தான் வாங்கினேன்.

நாற்பத்தொரு தமிழ்ப் புத்தகம் ஏற்றியிருக்கிறேன். மேல் பொத்தானை அழுத்தினால் உறங்கும். பத்து நிமிடம் பக்கம் திருப்பாமல் விட்டாலும் தானே உறங்கும். உறங்கும்போது திரையில் அப்பாவின் படம் நிற்கும். அதை மாற்ற வேண்டாம்.

இது அம்மாவுக்கு. உங்களுக்கு அல்ல.

றஜனி

*

இயேசு மரி சூசை துணை

குருநகர்
15.12.2024

அன்பு மருமகளுக்கு,

பாலன் பிறப்புக்கு முன்பே பொதி வந்து சேர்ந்தது. என் முழங்கால் அப்படியே. அக்கா சுகம்.

சாமானைப் பார்த்தேன். நோர்வே மாதிரிப் பெரிய நாட்டில் இருந்துகொண்டு கறுப்பு வெள்ளையில் அனுப்பியிருக்கிறாய். நாங்கள் சிறுவயதில் பள்ளிக்குக் கொண்டுபோன சிலேட்டு இதைவிட அகலம். அதனால் இதற்கு சிலேட்டு என்றே பெயர் வைத்துவிட்டேன். கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரிக்கக் கொடுத்தேன். பங்குச் சுவாமி தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்க, நான் பாய்ந்து குறுக்கே நின்று முழுவதையும் போட்டிருந்த சேட்டில் வாங்கினேன். இல்லாவிட்டால் உன் மூன்று கிழமைத் தேடல் மூன்று துளியில் முடிந்திருக்கும்.

இன்னொன்று. பெட்டியைத் திறந்தால் உன் அப்பா அடைக்கலநாதன் என்னை முறைத்துப் பார்க்கிறார்! இருபது வருடம் நான் முகம் பார்க்காத மனுசன். ஏன் என்று உனக்குத் தெரியும். நான் பிடித்த பதினெட்டடிச் சுறாவை, யாகப்பர் திருநாளன்று அத்தனை சனத்துக்கு நடுவில், "மச்சான், அது ஏழடி. நான் அளந்தனான்" என்றார். அளவுகோல் வைத்திருக்கிறவனெல்லாம் மீன்காரனோ? சேமக்காலையில் அவரைப் புதைத்தபோதும் நான் போகவில்லை. இனியும் பார்க்கப் போவதில்லை. பொத்தானை அழுத்திப் போகப்பண்ணிவிட்டேன்.

அக்காவுக்கு ஐந்து நிமிடத்தில் பழக்கினேன். முதல்நாள் தொடாமல் அலுமாரிக்குள் வைத்தா. இரண்டாம் நாள் அவவே எடுத்தா. இப்போது நாளுக்கு நூறு பக்கம் பறக்கிறது. தெருவே வந்து எட்டிப் பார்க்கிறது.

எழுத்தை இன்னும் ஒரு சுற்றுப் பெருப்பிக்க வழி உண்டோ? எனக்காக அல்ல. பொதுவாகக் கேட்கிறேன்.

மாமா சிமியோன்

*

பேர்கன்
12.01.2025

மாமாவுக்கு,

புதுவருடம் எல்லோருக்கும் நோயில்லாமல் பிறந்திருக்கட்டும்.

உங்களுக்கு ஒன்று சொல்லவில்லை. வேலிக்கு அப்பால் லெனாட் வீட்டு இணையத்தை அந்தக் கருவி தொடும்போதெல்லாம், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்று என் கைத்தொலைபேசிக்கு வந்துவிடும். அம்மா நாளுக்கு வாசிப்பது நூறு பக்கம் அல்ல, பதினான்கு. அந்தப் பதினான்கே எனக்குப் போதும். நீங்கள் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குள் அம்மாவுக்குப் பெரிய எழுத்தில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். கொடுங்கள். "வாசித்தேன்" என்று ஒரு சொல் எழுதினாலும் போதும் என்று சொல்லுங்கள்.

எழுத்து அதற்கு மேல் பெருக்காது. உங்கள் எழுத்து ஏன் இவ்வளவு பெருத்துவிட்டது? ஒரு தாளில் ஒன்பது வரிதான் இருக்கிறது. எழுதுவதற்கு விசயம் குறைந்துவிட்டதா?

றஜனி

*

இயேசு மரி சூசை துணை

குருநகர்
09.02.2025

உளவுபார்க்கும் மருமகளுக்கு,

முழங்காலைத் தவிர நலம். பெருத்த மனுசன் பெருப்பித்து எழுதுவான், அதில் என்ன? பேனையும் மொட்டை.

துண்டைக் கொடுத்தேன். அக்கா வாசித்தா. நான்காக மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தா.

தவக்காலம் வருகிறது. முப்பத்தெட்டு வருடமாகப் பெரிய வெள்ளியில் பசாம் படிக்கிறவன் யார்? நான். ஆண்டவர் பாடுபட்ட கதையை நான் இழுத்து அழுதால் சாக்கிலிருக்கும் நண்டும் அழும். பசாமுக்கு ஒரு சட்டம் இருக்கிறது, நோர்வேயில் நீ மறந்திருப்பாய். கொப்பியைக் கையில் ஏந்தித்தான் படிக்க வேண்டும். எத்தனை மனப்பாடமென்றாலும் வெறுங்கையோடு நிற்க விடமாட்டார்கள். கொழும்புத்துறை இராசநாயகம் ஒருவருடம் வெறுங்கையோடு சொல்லப்போய் ஆண்டவர் சிலுவையோடு விழும் மூன்றாம் விழுகைக்குப் பிறகு இரண்டாம் விழுகைக்குத் திரும்பி வந்தார். அடுத்த வருடம் வேறு ஆள்.

எங்கள் கொப்பி என் அப்பாவின் கையெழுத்து. மை மங்கிவிட்டது. (கொப்பியில்தான் மங்கல்.) ஆகவே லெனாட் இருந்து முழுவதையும் அடித்து சிலேட்டில் ஏற்றித் தந்தான். பின்னேரத்தில் ஒரு சின்ன நேரம் நான் அதைக் கடன் வாங்குகிறேன். அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை.

மாமா சிமியோன்

*

பேர்கன்
09.03.2025

மாமாவுக்கு,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

ஜனவரி 28இலிருந்து அம்மாவின் நாவல் 61ஆம் பக்கத்தில் நிற்கிறது. ஒரு பக்கம் அசையவில்லை. ஒவ்வொரு நாளும் திறக்கப்படுவது உங்கள் பசாம் மட்டும். பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்து வரை. எழுத்து மிகப் பெரிய அளவில். இதுவா சின்ன நேரம்? அந்த இரண்டு மணித்தியாலம்தான் அம்மாவின் கண் தாங்கும் நேரம். அதைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

பசாமில் அழுது பேரெடுக்க, காது கேளாத ஒரு கிழவியின் கையிலிருந்ததைப் பிடுங்கியிருக்கிறீர்கள். அப்பா உங்களை "வாயாலே வள்ளம் ஓட்டுறவன்" என்று சொல்லும்போது நான் உங்களுக்காகச் சண்டை பிடித்தவள். இன்று சொல்கிறேன்: நீங்கள் புளுகன் மட்டுமல்ல, கள்ளன். கிடைத்த அன்றே சிலேட்டை அம்மாவிடம் கொடுங்கள்.

றஜனி

*

இயேசு மரி சூசை துணை

குருநகர்
30.03.2025

தங்கமான மருமகளுக்கு,

உன் கடிதம் கண்டு கண்கலங்கினேன். என் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசச் சொல்லி எழுதியிருந்தாய். பூசினேன், பாதி இறங்கிவிட்டது. பசாம் நல்லபடி நடக்க நீ அங்கே மெழுகுதிரி கொளுத்துவதாகச் சொன்னதை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக எல்லோருக்கும் சொன்னேன். "நான் நாலு நிமிசம் ஏசினது வீண் போகேல்லைப் பாத்தியளோ!" என்றேன்.

குரல் இந்த வருடம் முன்னெப்போதும் இல்லாத மாதிரி இருக்கிறது. நேற்றுப் பழகும்போது அரியாலைப் பக்கமிருந்து ஒரு மனுசி வந்து வாசலில் நின்று அழுதா. செத்தவீடு என்று நினைத்து வந்தவவாம்.

வரி கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கும். மேசை சரிவு.

மாமா சிமியோன்

*

பேர்கன்
27.04.2025

மாமாவுக்கு,

முதலில், நல்லெண்ணெய் பற்றி நான் எழுதவில்லை. மெழுகுதிரி பற்றி எழுதவில்லை. உங்களைக் கள்ளன் என்று எழுதினேன். இப்படி ஒரு பகிடியை நான் எங்கும் கண்டதில்லை.

இரண்டாவது. பெரிய வெள்ளிப் பசாமை லெனாட் பாடகர் பக்கம் நின்று வீடியோ பிடித்து ஊர்க் குழுவில் போட்டிருந்தார். முப்பத்தைந்து நிமிடம். உங்களுக்குப் பின்னால் நின்று பிடித்தபடியால் சிலேட்டின் திரை தெளிவாகத் தெரிகிறது. அதில் பசாம் இல்லை. அப்பாவின் முகம் இருக்கிறது.

முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அப்பாவின் முகம். நீங்கள் ஒரு பொத்தானும் அழுத்தவில்லை. ஆனால் வரி வரியாகத் தலையை ஆட்டி ஆட்டி அதைப் "படித்தீர்கள்". தெரிந்துகொண்டு நீங்கள் அந்த முகத்தை ஒரு நிமிடமும் பிடித்திருக்க மாட்டீர்கள்.

உங்களுக்குக் கண் தெரியவில்லை, மாமா. எவ்வளவு காலமாக? அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று குடும்பக் குழுவில் முழங்கினீர்களே, அடுப்பு மூட்டுவது யார்? அவருக்குக் காது இல்லை, உங்களுக்குக் கண் இல்லை. நான் முதியோர் இல்லம் என்று சொன்னபோது என்னைக் கொலைகாரியாக்கினீர்கள்.

ஒளிக்காமல் பதில் எழுதுங்கள்.

றஜனி

*

குருநகர்
25.05.2025

மருமகளுக்கு

சுகம். பசாம் வீடியோ பார்த்து நீ அழுததாய் எழுதினது சந்தோசம். சுவாமி சொன்னார் முப்பத்தெட்டு வருசத்தில் இதுதான் திறம் என்று. ஆயரும் கேள்விப்பட்டிருப்பார்.

கை கொஞ்சம் உளைவு. பிறகு எழுதுகிறேன்

சிமியோன்

*

பேர்கன்
15.06.2025

மாமாவுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்தில் இரண்டாம் வரி முதலாம் வரிக்கு மேலே ஏறிக் கிடக்கிறது. அதை வாசித்தெடுக்க எனக்கு ஒரு பகல் போயிற்று.

ஒரே ஒரு கேள்வி. என் கடிதங்களை உங்களுக்கு வாசித்துக் காட்டுவது யார்?

றஜனி

*

குருநகர்
13.07.2025

மகள் றஜனிக்கு,

அம்மா எழுதுகிறேன். சுகமாக இருக்கிறேன். நீயும் சுகமாக இரு. பெரிய எழுத்தில் எழுதுவதால் தாள் கனக்கப் பிடிக்கும், கூடுதல் முத்திரை ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

முதியோர் இல்லம் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. பதினைந்து மாதம் எழுதாமல் இருந்தேன். இன்னும் பதினைந்து மாதம் இருந்திருப்பேன். நீ இப்போது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேறு ஆள் இல்லாதபடியால் எழுதுகிறேன்.

வாசித்துக் காட்டுவது நான்தான்.

ஜனவரிக் கடைசியில் ஒருநாள் தம்பி பசாம் கொப்பியைத் தலைகீழாக வைத்துக்கொண்டு பழகினான். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். கொப்பியை வாங்கி நேரே பிடித்துக் கொடுத்தேன். "தெரியும், சோதிச்சுப் பாத்தனான்" என்று வாயை அசைத்தான். அதற்குப் பிறகு அவன் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. சிலேட்டில் ஏற்றுவித்து, எழுத்தைப் பெருப்பித்து, மூன்று மணிக்கு நான் உரத்து வாசிப்பேன், அவன் கேட்டுப் பாடம் பிடிப்பான். ஒரு பொத்தானும் அவன் அழுத்தவில்லை. உன் கைத்தொலைபேசிக்கு வந்த அத்தனை பக்கமும் நான் திருப்பியது. நாவலில் அந்தப் பெட்டை 61ஆம் பக்கத்தில் கிணற்றடியில் வாளியோடு நின்றாள். எண்பது நாள் நிற்கவிட்டேன். உயிர்த்த ஞாயிறு பின்னேரம் போய்த் தண்ணீர் அள்ளுவித்தேன்.

என் குரல் எனக்குக் கேட்காது. கடற்கரை வரைக்கும் போகிறதாம். நீ கள்ளன் என்று எழுதியதை நான் எப்படி வாசிப்பேன்? ஒழுங்கை முழுக்கக் கேட்கும். பசாமுக்கு நிற்கிறவன் கள்ளன் என்று அவன் அக்காவே கத்துகிறாள் என்பார்கள். அதனால் முழங்கால் என்று வாசித்தேன். கண் தெரியவில்லை என்று நீ எழுதியதையும் அப்படித்தான். நீ அழுதாய் என்று வாசித்தேன்.

படத்துக்கு வருகிறேன். அது தானாக உறங்கவில்லை. பீடத்தில் ஏறுமுன் சிலேட்டைக் கையில் கொடுத்தது நான். மேல் பொத்தானை அழுத்தி உறங்கப்பண்ணித்தான் கொடுத்தேன். பசாம் அவனுக்குத் தண்ணீர் மாதிரிப் பாடம், பயமில்லை. என் மனுசனின் முகத்தை இருபது வருடம் பாராதவன், ஏழடிச் சுறாவுக்காகச் சேமக்காலைக்கும் வராதவன், அத்தனை சனத்துக்கு முன்னால் அந்த முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி முப்பத்தைந்து நிமிடம் அழுதான். நான் முன்வாங்கில் இருந்து பார்த்தேன். சனம் ஆண்டவருக்கு அழுதது. நான் என் மனுசனுக்கு அழுதேன். எனக்கு அவன் தரவேண்டியிருந்த அழுகை அது, நான் எடுத்துக்கொண்டேன். இதை அவனிடம் சொல்லப் போவதில்லை. நீயும் சொல்லாதே.

அடுப்பு நான் மூட்டுகிறேன். வாசலில் யாரும் கூப்பிட்டால் அவன் கேட்டு என் தோளில் தட்டுவான். சட்டியில் மீன் முள்ளை நான் எடுத்துக் கொடுப்பேன். அவன் நாள் முழுக்கப் புளுகுவான், எனக்கு ஒன்றும் கேட்காது. இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சரியாகத்தான் இருக்கிறது. உன் கொழும்பு இல்லம் வேண்டாம்.

ஆனால் அவன் கண்ணைக் காட்ட வேண்டும். லெனாட்டின் மனுசி சொல்கிறா, பூ விழுந்திருக்கும், எடுத்தால் தெரியுமாம். "எனக்குப் பருந்துக் கண்" என்று அவன் ஆஸ்பத்திரிப் பக்கம் வர மறுக்கிறான். நான் இழுத்தாலும் வரமாட்டான். நீ வா. கடிதத்தில் ஏசுகிற மாதிரியே வந்து நேரில் ஏசு. நான் இடையில் நின்று மாற்றி வாசிக்காவிட்டால் உன் ஏச்சுக்கு அவன் எழும்பி நடப்பான். அதற்காகத்தான் கூப்பிடுகிறேன். வேறு ஒன்றுக்கும் என்று நினையாதே.

வரும்போது சிலேட்டில் ஏற்றக் கடற்சண்டைக் கதை ஏதும் கொண்டு வா. காதல் கதை வாசித்தால் ஒழுங்கையில் பெட்டையள் வேலியோரம் வந்து சிரிக்கிறாளுகள்.

இப்போது அவன் எனக்கு எதிரே கதிரையில் இருக்கிறான். இந்தக் கடிதத்தை அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாக அவனுக்கு நினைப்பு. அவன் வாயைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன் என்று நம்புகிறான். தொடங்கும்போது ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தேன், "இயேசு மரி சூசை" என்றான். அதற்குப் பிறகு தாளைத்தான் பார்க்கிறேன். அவன் நிறுத்துவது கடைக்கண்ணில் தெரிந்தால் நானும் நிறுத்துகிறேன். தொடங்கினால் எழுதுகிறேன். வெகு திருப்தியாகத் தலையை ஆட்டுகிறான்.

இப்போது இரண்டு கையையும் விரிக்கிறான். சுறாவுக்கு வந்துவிட்டான். கை இன்னும் விரிகிறது. இனி இடம் போதாது, கையெழுத்துப் போடக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் உண்மையே எழுதும் மாமா
சிமியோன்